31 மீட்டர் வால்வு கன்வெர்ட்டர்: அலைன்மெண்டும் சோதனையும்

மீடியம் வேவ் மட்டுமே உள்ள ரேடியோவில் 31 மீட்டர் ஷார்ட் வேவ் நிலையங்களைக் கேட்க, அவற்றை மீடியம் வேவுக்கு மாற்றித் தரும் ஒற்றை வால்வு கன்வெர்ட்டர் போதும். ஆனால் சால்டரிங் முடிந்ததுமே ஏரியலைச் சொருகி, கைக்கு வந்த டிரிம்மரையெல்லாம் (நுணுக்கமாகத் திருப்பிச் சரிசெய்யும் சின்னக் கண்டென்சர்கள்) திருகினால் வேலை கெடும். முதலில் வோல்டேஜ், அடுத்து ஆசிலேட்டர் (கன்வெர்ட்டருக்குள் சொந்த அலையை உண்டாக்கும் பகுதி), கடைசியில்தான் ஏரியல் காயில். ஆசிலேட்டர் தவறான இடத்தில் நின்றால் அதற்குப் பிறகு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது.

சர்க்யூட்

வால்வு 6பிஇ6, இகே90 என்று எழுதியிருந்தாலும் அதேதான். அதன் பின்களில் 1 ஆசிலேட்டர் கிரிட், 2 கேத்தோடு, 3, 4 ஹீட்டர், 5 பிளேட், 6 ஸ்கிரீன், 7 சிக்னல் கிரிட்.

இரண்டு காயில்களும் 12 மி.மீ. ஃபார்மரில், 26 கேஜ் எனாமல் கம்பியால், நெருக்கமாகச் சுற்றியவை.

ஆசிலேட்டர் காயில் 13 சுற்று. எர்த் முனையிலிருந்து 4-வது சுற்றில் டேப் (இடையிணைப்பு) எடுத்துக் கேத்தோடுக்குக் கொடுங்கள். காயிலின் குறுக்கே 82 பிஎஃப் (பிக்கோஃபாரட்) சில்வர் மைக்கா கண்டென்சரும் 5–30 பிஎஃப் டிரிம்மரும். மேல்முனையிலிருந்து 47 பிஎஃப் வழியாகப் பின் 1-க்கு. பின் 1-லிருந்து 22 கே (கிலோஓம்) ரெசிஸ்டர், அதன் கீழே 1 கே, பிறகு எர்த். இந்த 1 கே-யின் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட். சோதனைக்கு இந்தச் சின்ன ரெசிஸ்டர்தான் கண்.

ஏரியல் காயில் 20 சுற்று. குறுக்கே 47 பிஎஃப் கண்டென்சரும் 50 பிஎஃப் வேரியபிள் கண்டென்சரும். மேல்முனை பின் 7-க்கு, கீழ்முனை எர்த்துக்கு. எர்த் முனையின் மேல் 5 சுற்று ஏரியல் லிங்க் (ஏரியலை இணைக்கும் தனிச் சுற்று).

சப்ளை, தனி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 220 வோல்ட் டிசி. அது 3.3 கே 5 வாட் வழியாக ஓஏ2 ஸ்டெபிலைசருக்கு வந்து 150 வோல்ட் ஆகிறது. பிளேட்டுக்கு 2.5 மில்லிஹென்றி சோக்; ஸ்கிரீனுக்கு 6.8 கே 1 வாட்டும், அங்கிருந்து எர்த்துக்கு 0.01 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் கண்டென்சரும். பிளேட்டிலிருந்து 100 பிஎஃப் 500 வோல்ட் கண்டென்சர் வழியாக ரேடியோவின் ஏரியல் முனைக்கு அவுட்புட்.

பழைய ஏசி/டிசி ரேடியோக்களின் சாசி நேரடியாக மெயின்ஸில் நிற்கும். அவற்றில் இந்த ஒயரை மாட்டவே கூடாது, உயிருக்கு ஆபத்து. ஃபெரைட் ராடு உள்ள பேட்டரி டிரான்சிஸ்டர் ரேடியோ என்றால், ராடு இருக்கும் பக்கம் பெட்டிக்கு வெளியே ஒயரை 10 சுற்று சுற்றி, ஒரு முனையை அவுட்புட்டுக்கும் மறுமுனையை எர்த்துக்கும் கொடுங்கள்.

ஆசிலேட்டர் ஏன் 11 மெகாஹெர்ட்ஸில்?

9.4 முதல் 9.9 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 31 மீட்டர் பேண்டை மீடியம் வேவுக்கு இறக்க ஆசிலேட்டர் 8.4-ல் இருந்தாலும் போதும். ஆனால் அப்போது இமேஜ் (ஆசிலேட்டருக்கு மறுபக்கம் அதே தூரத்தில் இருந்து, கூடவே கேட்டுவிடும் அலைவரிசை) 6.9–7.4-ல் விழும், 41 மீட்டர் ஒலிபரப்புகள் நடுவே புகுந்து கத்தும். 11-ல் வைத்தால் இமேஜ் 12.1–12.6-க்குப் போகிறது, 25 மீட்டர் ஒலிபரப்புப் பேண்டுக்கு வெளியே. ஒரே வித்தியாசம், டயல் தலைகீழாக ஓடும்: 9.4 மெகாஹெர்ட்ஸ் 1600 கிலோஹெர்ட்ஸில், 9.9 மெகாஹெர்ட்ஸ் 1100-ல். 11,000-லிருந்து டயல் எண்ணைக் கழித்தால் நிலையத்தின் அலைவரிசை.

படி 1: வோல்டேஜ்

பவரை நிறுத்திய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும். 10 கே 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். பவர் இருக்கும்போது அளப்பதென்றால் ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

ஹீட்டர் 6.3 வோல்ட் ஏசி, பிளேட் ஏறக்குறைய 150, ஸ்கிரீன் 90–110 இருக்க வேண்டும். ஓஏ2 உள்ளே ஒளிர வேண்டும். ஸ்கிரீன் 140-ஐத் தாண்டினால் வால்வு கரண்ட் இழுக்கவில்லை. பெரும்பாலும் கேத்தோடு டேப் விட்டிருக்கும், எனாமலைச் சுரண்டாமல் சால்டர் வைத்ததால். ஸ்கிரீன் 80-க்கும் கீழே இறங்கினால் ஆசிலேட்டர் ஓடவில்லை என்று சந்தேகியுங்கள்: கிரிட்டில் நெகடிவ் பயாஸ் உருவாகாததால் வால்வு அதிகம் இழுக்கிறது.

படி 2: ஆசிலேட்டர் ஓடுகிறதா?

1 கே-யின் குறுக்கே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் கிரிட் கரண்ட் 0.5 மில்லிஆம்பியர்; இந்த வால்வுக்குச் சரியான அளவு. ஸ்க்ரூடிரைவரால் ஆசிலேட்டர் காயிலை ஷார்ட் செய்தால் அது பூஜ்யத்துக்கு விழ வேண்டும். 0.2 வோல்ட்டுக்குக் கீழே என்றால் டேப்பை ஒரு சுற்று மேலே நகர்த்துங்கள். ஒன்றுமே இல்லையென்றால் டேப்பைத் தவறான முனையிலிருந்து எண்ணியிருக்கலாம், அல்லது பின் 1, 7 இடம் மாறியிருக்கலாம். சாக்கெட்டைக் கீழிருந்து பார்க்கும்போது பின்கள் கடிகாரச் சுற்றில் எண்ணப்படுகின்றன.

படி 3: 11,000-ல் நிறுத்துதல்

20 நிமிடம் சூடாக விடுங்கள். டிஜிட்டல் ஷார்ட் வேவ் ரேடியோ ஒன்றை 11,000 கிலோஹெர்ட்ஸில் வைத்து, அதன் ஆன்டெனாவை வால்வுக்கு அருகே கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் திருகியால் டிரிம்மரை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் இரைச்சல் அடங்கி அமைதியாகும். அதுதான் உங்கள் ஆசிலேட்டரின் கேரியர் (ஒலியேறாத வெறும் அலை). 150 வோல்ட்டை நிறுத்தியதும் இரைச்சல் திரும்பினால் உறுதி.

ஃப்ரீக்வென்ஸி கவுண்டர் இருந்தால் இரண்டு சுற்று லூப்பைக் காயிலுக்குப் பக்கத்தில் பிடித்து அளக்கலாம். புரோபை நேராக வைத்தால் அதன் கெப்பாசிட்டன்ஸ் அலைவரிசையைக் கீழே இழுத்துவிடும். டிரிம்மர் முழுக்கத் திறந்தும் 11-க்குக் கீழேயே நின்றால் சுற்றுகளைக் கொஞ்சம் விலக்குங்கள். முழுக்க மூடியும் மேலேயே நின்றால் ஒரு சுற்று கூட்டுங்கள். சரியானதும் மெழுகு வைத்துச் சுற்றுகளை அசையாமல் செய்யுங்கள்.

படி 4: ஏரியல் காயில்

சிக்னல் ஜெனரேட்டரை 9.65 மெகாஹெர்ட்ஸிலும் ரேடியோவை 1350-லும் வைத்து, வேரியபிளைத் திருப்பி உச்சம் தேடுங்கள். சிக்னல் காதுக்கு எட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கட்டும். பலமாக இருந்தால் ரேடியோவின் ஏவிசி (ஒலியளவைத் தானாகச் சமன்செய்யும் சர்க்யூட்) உச்சத்தைத் தட்டையாக்கிவிடும். வேரியபிள் முழுக்கத் திறந்த இடத்தில் உச்சம் வந்தால் ஒரு சுற்று குறையுங்கள், முழுக்க மூடிய இடத்தில் வந்தால் கூட்டுங்கள். அந்த 47 பிஎஃப்பை விட்டுவிட்டு வேரியபிளை மட்டும் போட நினைக்காதீர்கள்: அது இருப்பதால்தான் இந்தக் காயில் தவறியும் இமேஜுக்கு ட்யூன் ஆகாது.

ஜெனரேட்டர் இல்லாதவர்கள் மாலையில் 31 மீட்டர் நிலையம் ஒன்றைப் பிடித்தே இதைச் செய்யலாம். டயலைச் சரிபார்க்க 10 மெகாஹெர்ட்ஸ் நேர சிக்னல் நல்லது; சீனாவின் பிபிஎம் நிலையம் அங்கே விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது. டயலில் அது சரியாக 1000-ல் விழ வேண்டும். கோவை வானொலியின் 999 கேட்கும் ஊர்களில் இரண்டும் சேர்ந்து விசிலடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிழைகள்

உள்ளூர் மீடியம் வேவ் நிலையம் ஊடே கேட்கலாம். திருநெல்வேலியின் 1197-உம் மதுரையின் 1269-உம் நம் டயல் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. கன்வெர்ட்டரை நிறுத்தியும் கேட்டால் ரேடியோவோ ஒயரோ நேராகப் பிடிக்கிறது; அவுட்புட் ஒயரைக் குட்டையான கோஆக்ஸாக்கி (உலோக உறை போட்ட கேபிள்) இரு முனையிலும் உறையை எர்த் செய்யுங்கள்.

455 கிலோஹெர்ட்ஸ் ஐஎஃப் (ரேடியோவின் உள் இடைநிலை அலைவரிசை) உள்ள ரேடியோவில் டயலின் 1181, 1454 அருகே நிலையம் இல்லாமலே விசில் வரும். ரேடியோவின் சொந்த ஆசிலேட்டரின் 6-வது, 5-வது ஹார்மோனிக்குகள் (அதன் அலைவரிசையின் 6, 5 மடங்குகள்) அவை. உங்கள் வயரிங்கில் குற்றமில்லை.

நிலையம் பிடித்தால் மட்டும் ஹம் கேட்கிறதா? இந்தச் சர்க்யூட்டில் கேத்தோடு ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) வோல்டேஜில் நிற்பதால் ஹீட்டர் வழியாக ஏசி கலக்கிறது. பின் 4-ஐச் சாக்கெட்டிலேயே எர்த் செய்து, பின் 3-லிருந்து எர்த்துக்கு 0.01 மைக்ரோஃபாரட் போடுங்கள். அப்படியும் போகாவிட்டால் வேறு வால்வு மாற்றிப் பாருங்கள்.

சூடான பிறகும் நிலையம் நகர்ந்துகொண்டே இருந்தால் 82 பிஎஃப்பைக் கவனியுங்கள். சில்வர் மைக்காவுக்குப் பதில் சாதாரண டிஸ்க் செராமிக் போட்டிருந்தால் அதை மாற்றி, ஆசிலேட்டர் காயிலை வால்வின் வெப்பம் படாத பக்கம் தள்ளிவைத்து, படி 3-ஐ மறுபடி செய்யுங்கள்.