அகல் விளக்கைப் படம் எடுக்கும்போது

கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக அகல் ஏற்றி ஆசையாகப் படம் எடுத்தால், சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாக வந்து நிற்கும். சுற்றிலும் இருட்டு அதிகம் என்பதால் கேமரா மொத்தக் காட்சியையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. அதில் சுடர் வெளிறிப்போகிறது.

பெரும்பாலான போன்களில் சுடர் மேல் விரல் வைத்தால் பக்கத்தில் சின்னச் சூரியன் குறி வரும். அதைக் கீழே இழுங்கள், சுடரின் மஞ்சள் நிறம் தெளிவாகத் தெரியும் வரை. கேமரா என்றால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −1 அல்லது −1.5 வைத்துப் பாருங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வைட் பேலன்ஸ், அதாவது படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு. ஆட்டோவில் விட்டால் அந்தப் பொன்னிறத்தைக் கோளாறு என்று நினைத்துக் குறைத்துவிடும். டேலைட்டில், அதாவது 5500 கெல்வின் அளவில் வைத்தால் நிறம் அப்படியே நிற்கும்.

முழு இருட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நான் பல வருஷம் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் கேமராவை எடுப்பேன். கறுப்புத் துணியில் மஞ்சள் புள்ளி வைத்தது போலத்தான் வரும். சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்தில் எடுத்தால் வானம் கருநீலமாக இருக்கும், திண்ணையும் கோலமும் தெரியும்.

கோலம் இன்னும் மங்கலாக இருந்தால் ஸ்னாப்சீட் என்ற படம் திருத்தும் ஆப்பில் ஷேடோஸை, அதாவது இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். வெளிறிய சுடரை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது.