போர் எந்திரங்களைப் பந்தய எந்திரங்களாக மாற்றிக் கட்டுதல்

போர் விமானத்தின் மாதிரி ஒன்றுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, பக்கவாட்டில் ஓர் எண்ணை ஒட்டிவிட்டால் அது பந்தய விமானமாகிவிடாது. இறக்கையில் துப்பாக்கிக் குழல்களும் அடியில் குண்டு மாட்டும் கொக்கிகளும் அப்படியே இருக்குமானால், பார்ப்பவர் கண்ணுக்கு அது நிறம் மாறிய போர் விமானமாகவே தோன்றும். ஆகவே கிட்டிலிருக்கும் (மாதிரி செய்வதற்கான பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பு) எந்தப் பாகத்தையும் வெட்டுவதற்கு முன், வண்ணக் குப்பியைத் திறப்பதற்கும் முன், இந்த எந்திரம் எந்தப் பந்தயத்தில் ஓடப்போகிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். பந்தயம் எதுவென்று தெரிந்துவிட்டால் எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது, எங்கே அழுக்குப் படியும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை எளிதாகக் கிடைக்கும்.

கற்பனைக்குத் துணையாக உண்மை வரலாறே நிறைய இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் உபரியாகிப்போன போர் விமானங்கள் தனியார் கைக்கு வந்தன. 1946 முதல் 1949 வரை கிளீவ்லாந்தில் நடந்த பந்தயங்களில் அவை ஓடின. 1946இல் தாம்சன் கோப்பையை வென்றது மஞ்சளும் கறுப்பும் பூசிய ஒரு பெல் பி-39 போர் விமானம். அது தூண்களைச் சுற்றி வரும் பந்தயம். அதே ஆண்டு, கலிஃபோர்னியாவிலிருந்து கிளீவ்லாந்து வரை பறக்கும் பெண்டிக்ஸ் பந்தயத்துக்காகப் விமானி பால் மான்ட்ஸ் தம் பி-51சி மஸ்டாங் போர் விமானத்தின் இறக்கைகளின் உட்புறத்தையே எரிபொருள் தொட்டியாக்கினார். வெளியே தொட்டி எதையும் தொங்கவிடாமல் பறந்து வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அவரே வென்றார். நெடுந்தூரப் பந்தயத்துக்கு முழு இறக்கையும் அதற்குள் எரிபொருளும் தேவைப்படுகின்றன. தூண்களைச் சுற்றும் பந்தயத்துக்கு இறக்கை நுனிகளை வெட்டிவிடுகிறார்கள். ஒரே மஸ்டாங் கிட்டிலிருந்து இரண்டு வேறு வடிவங்கள் பிறப்பது இதனால்தான்.

தரையிலும் இப்படித்தான். டாங்கிகளின் தொங்கல் அமைப்புக்குப் பெயர்போன வால்டர் கிறிஸ்டி, அதற்கு முன் பந்தய ஓட்டுநர். முன்சக்கர இயக்கம் கொண்ட தம் காரை 1907 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் தாமே ஓட்டியவர். அவருடைய வடிவமைப்பிலிருந்து பிறந்த சோவியத் பிடி வகை டாங்கிகள், சங்கிலிப்பட்டைகளைக் கழற்றிவிட்டு ரப்பர் விளிம்புச் சக்கரங்களின் மேலேயே சாலையில் ஓடக்கூடியவை. பந்தய டாங்கி செய்ய விரும்புபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் கருத்து; பட்டைகளைக் கழற்றி, முன் இணைச் சக்கரங்களைச் சற்றுத் திருப்பி ஒட்டினாலே எந்திரத்தின் குணம் மாறிவிடும். சக்கர வண்டிகளில், ஜெர்மானிய ராணுவத்துக்காக உருவான ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் 1980 பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தை வென்றது. ராணுவங்களிலும் பணியாற்றும் டாட்ரா 815 லாரியின் பந்தய வடிவங்களை ஓட்டி, கரேல் லோப்ரைஸ் 1988 முதல் 2001 வரை ஆறு முறை அதே பந்தயத்தின் லாரிப் பிரிவில் முதலிடம் பெற்றார்.

கிட் வாங்கும்போது விலை மிகுந்த புதிய வெளியீட்டைத் தேட வேண்டியதில்லை. துப்பாக்கி, குண்டு, ராக்கெட் ஆகியவற்றின் நுணுக்கத்துக்காகக் கொடுக்கும் பணம் இங்கே வீணாகும். டீக்கால் தாள் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களும் எண்களும் கொண்டது) மஞ்சளித்துப்போன பழைய கிட்டே போதும். மேலுடலின் வடிவம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

வேலையை நீக்குவதிலிருந்து தொடங்குங்கள். ஆயுதம், கவசத் தகடு, குறிபார்க்கும் கருவி, ரேடியோக் கம்பம் என, பந்தயத்தில் சுமையாகும் அனைத்தும் போக வேண்டும். நீக்கப்படும் ஒவ்வொன்றும் ஒரு துளையை விட்டுச் செல்லும். அந்தத் துளையைப் புட்டியால் (இடைவெளி நிரப்பும் பசைக்கலவை) மட்டும் அடைப்பது பலர் செய்யும் தவறு. புட்டி காயும்போது சுருங்கும். அடைத்த அன்று சமமாகத் தெரிந்த இடம், பளபளப்பான வண்ணம் ஏறிச் சில நாள் கழிந்ததும் சிறு குழியாகத் தெரியும். என் முதல் பந்தய மாதிரியின் இறக்கையில் ஆறு துப்பாக்கித் துளைகளும் இப்படித்தான் மீண்டும் தலைகாட்டின. அதற்குப் பிறகு, கிட்டின் பாகங்களைத் தாங்கிவரும் சட்டத்திலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் குச்சியைத் துளைக்குள் பசையோடு செருகி, ஓர் இரவு காயவிட்டு, மேற்பரப்போடு சமமாக வெட்டி, விளிம்பில் மட்டும் மெல்லிய புட்டி தடவி, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்க்கிறேன்.

அடுத்தது காற்று. 1/72 அளவில் (உண்மையின் 72இல் ஒரு பங்கு) 0.2 மி.மீ. அகலமுள்ள ஒரு தகட்டுக்கோடு (தகடுகள் இணையும் இடத்தைக் காட்டும் கோடு), உண்மை விமானத்தில் 14 மி.மீ.க்கு மேற்பட்ட இடைவெளிக்குச் சமம். உண்மையான பந்தயக் குழுக்கள் இறக்கையின் முன்பகுதியை நிரப்பி, தேய்த்து, கண்ணாடிபோல ஆக்குவதால், மாதிரியிலும் அந்தப் பகுதியின் கோடுகளை அடைத்துவிடலாம். ஆனால் எஞ்சின் மூடிகளின் கோடுகளைக் கட்டாயம் விட்டுவையுங்கள். பழுது பார்ப்பவர்கள் தினமும் திறக்கும் இடம் அது. இந்த வேறுபாடு தெரிந்தாலே விமானம் உண்மையில் பயன்படுவதுபோலத் தோன்றும். இறக்கை நுனியை வெட்டுவதானால், முதலில் மீட்டரில் யோசித்து, பிறகு அளவால் வகுத்துக்கொள்ளுங்கள்: பக்கத்துக்கு அரை மீட்டர் என்றால் 1/48 அளவில் 10.4 மி.மீ. இரு பக்கமும் ஒன்றாக அமைய, ஒரே அட்டை அச்சை இரண்டுக்கும் பயன்படுத்துவது நல்லது.

விமானியின் கண்ணாடிக் கூண்டைச் சிறிதாக்குவதுதான் தோற்றத்தை மிக அதிகமாக மாற்றுகிறது. 1/48 விமானத்துக்கு 1/72 கிட்டின் கூண்டைப் பொருத்தினால், அது மூன்றில் இரண்டு பங்கு அளவில் அமையும். பின்னால் ஏற்படும் இடைவெளியைப் பிளாஸ்டிக் தகடும் புட்டியும் கொண்டு முதுகெலும்புபோல் வளர்த்து நிரப்ப வேண்டும். ஒட்டுவதற்கு முன் விமானி உருவத்தை உள்ளே உட்காரவைத்துப் பாருங்கள். தலை இடித்தால் இருக்கையைத் தாழ்த்த வேண்டும், கூண்டை உயர்த்தக் கூடாது.

வெப்பத்தை மறந்த மாதிரிகளே அதிகம். மஸ்டாங்கின் வயிற்றிலுள்ள ரேடியேட்டர் வாயை அழகுக்காக வெட்டியெறிந்தால், அந்த எஞ்சின் எப்படிக் குளிரும் என்ற கேள்வி எழும். 1949இல் கிளீவ்லாந்தில் பறந்த ஒரு மஸ்டாங்கில் ரேடியேட்டரை இறக்கை நுனிக் கூடுகளுக்கு மாற்றியிருந்தார்கள். அந்த விமானம் பந்தயத்தின்போது ஒரு வீட்டின் மீது விழுந்து விமானியும், வீட்டிலிருந்த தாயும் குழந்தையும் இறந்தனர். வேறு சில பந்தய விமானங்களில், எண்ணெய்க் குளிரூட்டியை நீர்த்தொட்டிக்குள் வைத்து, நீரைக் கொதிக்கவிட்டு, ஆவியை வெளியே விடுகிறார்கள். அப்போது காற்று வாயை மூடிவிடலாம், ஆனால் ஆவி வெளியேறும் சிறு குழாய் ஒன்று உடலில் தெரிய வேண்டும். எஞ்சினையே மாற்றுவதற்கும் முன்மாதிரிகள் உண்டு. 1989இல் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறந்து பிஸ்டன் எஞ்சின் சாதனை படைத்த ‘ரேர் பேர்’ என்ற பேர்கேட் வகைப் போர் விமானம், தன் பழைய எஞ்சினுக்குப் பதில் அதைவிடப் பெரிய ரைட் ஆர்-3350ஐத் தாங்கியது. பெரிய எஞ்சின் என்றால் பெரிய மூக்கு. வேறு கிட்டின் எஞ்சின் மூடியைக் கொண்டுவந்து, உடலோடு இணையும் இடத்தைப் புட்டியால் சரிவாக்க வேண்டும்.

டாங்கியில் சுழல்கோபுரத்தை நீக்குவதா என்பதையும் பந்தயமே சொல்லும். ரஷ்யாவில் 2013இல் தொடங்கிய டாங்கி பயாத்லானில், டி-72 டாங்கிகளுக்கு அணிவாரியாக ஒவ்வொரு நிறம் பூசியிருந்தாலும், சுடுவதும் போட்டியின் பகுதி என்பதால் கோபுரமும் பீரங்கியும் அப்படியே இருந்தன. ஓட்டம் மட்டுமே என்றால் கோபுரம் தேவையற்ற எடை. அதை நீக்கினால் புவியீர்ப்பு மையமும் தாழும். கோபுர வளையத்தின் மேல் தகடு ஒன்றை ஒட்டி, ஓட்டுநரைச் சுற்றிப் பாதுகாப்புக் கூண்டு அமையுங்கள். 50 மி.மீ. குழாய் 1/35 அளவில் ஏறத்தாழ 1.4 மி.மீ. ஆகிறது, அதே தடிமனுள்ள செப்புக் கம்பி எளிதில் வளையும். 75 மி.மீ. இருக்கைப் பட்டைக்கு 2 மி.மீ. அகலத்தில் வெட்டிய மாஸ்கிங் டேப் பொருத்தமாக இருக்கும். தீயணைப்பான், இழுவைக் கொக்கி ஆகியவற்றையும் சேருங்கள்.

வண்ணத்தில் பொறுமை மிகவும் தேவை. ராணுவத்தின் மங்கலான பூச்சு சிறு குறைகளை மறைத்துவிடும்; பந்தயத்தின் பளபளப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி, சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, விளக்கின் அருகே சாய்த்துப் பார்த்துக் கீறல்களைத் திருத்துங்கள். மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் ஆகியவற்றுக்கு அடியில் வெள்ளைப் பிரைமர் வேண்டும். சாம்பலின் மேல் அவை சோர்ந்துபோகும். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய நான்கு பூச்சுகள் நல்லவை. வெளிர் நிறத்தை முதலில் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் முதல் நிறத்தையே மீண்டும் ஒருமுறை மெல்லிதாக அடித்தால், இரண்டாம் நிறம் அடியில் கசியாது.

டீக்கால்களில் நாட்டுச் சின்னங்களை ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்கத் தனியார் விமானமென்றால் ‘என்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் தேவை. பந்தய எண் தொலைவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும்: 60 செ.மீ. உயர எண் 1/48 அளவில் 12.5 மி.மீ. வெளிர் எண்ணை அடர்நிறத்தின் மேல் ஒட்டினால் அடிநிறம் ஊடுருவித் தெரியும். அதே வடிவில் வெள்ளை டீக்கால் ஒன்றை முதலில் ஒட்டுவது இதற்குத் தீர்வு. எல்லாம் முடிந்தபின் பளபளப்பு வார்னிஷ் அடித்து, அது முழுதாகக் காய்ந்ததும் 2000 எண் தாளால் மெதுவாகத் தேய்த்து மெருகேற்றலாம்.

துருவும் சுரண்டலும் இங்கே பெரும்பாலும் பொருந்தா. புகைபோக்கிக் குழாயின் பின்னே கரிக்கோடு, சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ஆரை எஞ்சினின் அடியில் எண்ணெய்க் கசிவு, பாலைவன வண்டியின் சக்கர வளைவுகளில் வெளிறிய புழுதி ஆகியவை போதும்.

விமானத்தைப் பறக்கும் நிலையில் நிறுத்துவதானால் சக்கரங்களை உள்ளே மடக்கி மூடி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கம்பியின் மேல் ஒரு பக்கமாகச் சாய்த்து, அருகே உச்சியில் பீப்பாய் பொருத்திய மரக்கம்பம் ஒன்றை நடுங்கள். நெவாடாவின் ரீனோவில் 1964 முதல் 2023 வரை நடந்த பந்தயங்களின் தூண்கள் இவ்வகையினவே. அங்கே விமானங்கள் இடப்புறமாகவே திரும்பும். எனவே சாய்வு இடப்பக்கம் இருக்கட்டும். கூண்டை ஒட்டுவதற்கு முன் விமானியின் கழுத்தை வெட்டி, தலையை இடப்பக்கம் திருப்பி, தூணின் உச்சியைப் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள்.