ஒரு லைட் ஜாக்கெட்டும் இலங்கைப் பயணமும்: நான் செய்த, மற்றவர்கள் இன்னும் செய்துகொண்டிருக்கும் தவறுகள்

பிப்ரவரி வந்தால் சொந்தம், நட்பு என்று பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இலங்கைக்குக் கிளம்புவது எனக்குப் பல வருடப் பழக்கம். போவதற்கு ஒரு வாரம் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புவேன். இந்த முறை அதில் "ஆளுக்கு ஒரு லைட் ஜாக்கெட்" என்று போட்டிருந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தியிடமிருந்து போன். "லைட்னா சந்தனக் கலரா, க்ரீமா? எல்லாரும் ஒரே மாதிரி புடவை கட்டப் போறோமாடா?"

தப்பு என் மேல்தான். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் முதலில் ரவிக்கை, அப்புறம்தான் மற்றதெல்லாம். "முழுக்கை, முன்னால் ஜிப், காற்று புகாத மெல்லிய துணி, கடையில் விண்ட்சீட்டர் என்று கேளுங்கள்" என்று திருத்தி அனுப்பினேன். அனுப்பிய ஐந்தாவது நிமிடமே இளவட்டங்களிடமிருந்து பதில் வந்துவிட்டது: "கொழும்பு 32 டிகிரின்னு காட்டுது, இது எதுக்கு?"

பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வெயிலுக்குத் தொப்பி எடு, தண்ணீர் பாட்டில் எடு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கொழும்பு வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்வது

இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் நடுவில் மலை நிற்கிறது. கண்டி சுமார் 500 மீட்டர், எல்ல சுமார் 1,000, மலை நகரமான நுவரெலியா 1,868, யாத்திரை போகிற சிவனொளிபாதமலை 2,243. ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும். பிப்ரவரியில் கொழும்பில் இரவு 23 டிகிரி என்றால் மலை உச்சியில் எட்டு, ஒன்பது. காற்று அடித்தால் அந்த எட்டும் எட்டாகத் தெரியாது. போனில் பார்ப்பதாக இருந்தால் நுவரெலியா என்று போட்டு, அதிலும் விடிகாலை நேரத்துக்கான எண்ணைப் பாருங்கள். பகல் எண் ஏமாற்றும். மதியம் 20, 21 இருக்கும், ஏரிக்கரையில் குதிரை பார்த்துக்கொண்டு ஜாலியாக நடப்பீர்கள், ராத்திரி அது பத்தை ஒட்டி இறங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் சில காலைகளில் புல்மேல் உறைபனியே விழும்.

வெள்ளைக்காரர் எழுதியதை நம்புவது

"இதமான வசந்தகால வானிலை, ஜாக்கெட் தேவைப்படவில்லை" என்று எழுதியிருப்பார்கள். எழுதியவர் பின்லாந்துக்காரராக இருப்பார். மார்கழியில் 21 டிகிரிக்கே காதை மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் நம்முடையது. யாருடைய உடம்பு எழுதியது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கீழேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மலை ஏறுவது

இதற்குத்தான் நான் இன்னும் எரிச்சல்படுகிறேன். ஜாக்கெட் எடுக்காமல் வந்தவன் மேல்கூட எனக்குக் கோபமில்லை, அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எடுத்து வந்து, சுமந்து வந்து, அதைத் தன் கையாலேயே வீணாக்குகிறவனைப் பார்த்தால்தான் தாங்கவில்லை.

சிவனொளிபாதமலைக்கு ராத்திரியில்தான் ஏறுவார்கள், சூரிய உதயம் பார்ப்பதற்காக. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பண்டிகை வரை யாத்திரைக் காலம், வழி முழுக்க விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், ஐயாயிரத்துக்கு மேல் படிகள். ராத்திரி இரண்டு மணிக்கு அறையை விட்டு வெளியே வந்தால் நல்லதண்ணியிலேயே குளிர் பல்லைத் தட்டும். உடனே என்ன செய்வோம்? ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புவோம். நானும் அதைத்தான் செய்தேன். முதல் அரை மணி நேரம் சுகமாக இருந்தது, பாதை சமமாகத்தான் போகிறது, ஜப்பான்காரர்கள் கட்டிய வெள்ளைத் தூபி வரை பேசிக்கொண்டே நடந்தேன். அதற்கு மேல் படி. படி என்றால் சும்மா படி இல்லை, சிலது முழங்கால் உயரம். உள்ளே பருத்தி டி-ஷர்ட், அதன்மேல் பருத்தி ஹூடி. ஒரு மணி நேரத்தில் இரண்டும் நனைந்துவிட்டன. நனைந்தது தெரியவும் இல்லை, ஏனென்றால் ஏறிக்கொண்டிருக்கும்வரை உடம்பு அடுப்பு மாதிரி எரிகிறது. நாலேகாலுக்கு உச்சிக்குப் போய்விட்டேன், எல்லாரையும் முந்திவிட்ட பெருமை வேறு. சூரியன் வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

நின்ற பத்தாவது நிமிடம் ஆரம்பித்தது. ஈரத் துணி முதுகில் ஒட்டியிருக்கிறது, காற்று ஒரு பக்கமிருந்து விடாமல் அடிக்கிறது, ஈரம் காய்வதற்கான சூட்டை என் உடம்பிலிருந்துதான் எடுக்கிறது. பருத்தி சீக்கிரம் காயாது, நம் வீட்டுக் கொடியிலேயே ஹூடி காய ஒரு நாள் ஆகும், அங்கே எப்படிக் காயும்? செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேல் தளத்துக்குப் போக வேண்டும், சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் ஐஸ் பாறைமேல் நிற்பது மாதிரி. பக்கத்தில் ஒரு பாட்டி, எழுபது வயதாவது இருக்கும், வெள்ளைச் சேலையின்மேல் ஒரு காய்ந்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். எத்தனை தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அங்கே மணி அடிப்பது வழக்கம். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார், ஒன்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை. எனக்கு விரல் மடங்கவில்லை. ஐந்தரை மணிக்கு, கிழக்கு லேசாக வெளுக்கும்போது, தாங்க முடியாமல் இறங்கிவிட்டேன். விமானச் செலவு, விடுமுறை, முழங்கால் வலி எல்லாம் கொடுத்துப் பார்க்கப் போனது அந்த உதயத்தையும், மேற்கே சமவெளிமேல் விழுகிற முக்கோண நிழலையும்தான். பாதி வழியில் ஒரு கடையில் இஞ்சி போட்ட பிளேன்டீயை, அதாவது பாலில்லாத தேநீரை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து "சாது சாது" என்று பௌத்தர்கள் வணங்குகிற குரல் கேட்டது. அங்கே உதயம் ஆகிவிட்டது.

சரி, அது என் கதை. இந்த வருடம் குழுவில் ஒரு பையன், ஐடிக்காரன், ஜிம்முக்குப் போகிற உடம்பு. கீழே நின்று தெளிவாகச் சொன்னேன்: "தம்பி, கழற்றிப் பையில் வை. முதல் பத்து நிமிடம் குளிரட்டும், நடந்தால் சரியாகிவிடும்." "பரவாயில்லண்ணா, எனக்கு வேர்க்காது" என்றான். வேர்க்காதாம்! உச்சியில் என்னுடைய மாற்று டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, சித்தியின் சால்வைக்குள் பாதி நுழைந்து உட்கார்ந்திருந்தான். அவனாவது உதயத்தைப் பார்த்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஏறும்போது மெல்லிய, சீக்கிரம் காய்கிற டி-ஷர்ட், விளையாட்டுக்குப் போடுவார்களே அந்தத் துணி. பைக்குள் ஒரு பாலிதீன் கவரில் கட்டிய காய்ந்த டி-ஷர்ட், ஒரு ஜோடி சாக்ஸ், அதற்குமேல் ஜாக்கெட். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காற்று படாத ஏதாவது கடை ஓரத்தில் நின்று ஈரத்தைக் கழற்றித் துடைத்து மாற்றிவிட்டு, அப்புறம் ஜாக்கெட்டைப் போட்டு மேலே போங்கள். பெண்கள் கடைக்காரம்மாவிடம் கேட்டால் உள்ளே இடம் கொடுப்பார்கள், சித்திக்குக் கொடுத்தார்கள். இன்னொன்று, சீக்கிரம் போய்ச் சேருவதில் பெருமை ஏதுமில்லை, ஐந்தே முக்காலுக்குப் போனால் போதும். பௌர்ணமி நாளிலும் வார இறுதியிலும் கணக்கே வேறு. கடைசிப் படிகளில் கூட்டம் நகராமல் மணிக்கணக்கில் நிற்கும், நடப்பதால் வரும் சூடும் இருக்காது. அந்த நாட்களில் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

அந்த வழியில் இந்திகட்டுபான என்று ஓர் இடம் வரும். புத்தர் இங்கே நின்று கிழிந்த அங்கியைத் தைத்தார் என்பது ஐதீகம், யாத்திரிகர்கள் ஊசியில் நூல் கோத்து அங்கே விட்டுப் போவார்கள், வெள்ளை வெள்ளையாக நூல் ஓடிக்கிடக்கும். அவரே நின்று உடுப்பைச் சரிபார்த்த இடம் இருக்கிற மலையில் நமக்கு இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை.

தடிமனாகப் பார்த்து வாங்குவது

குலு மணாலிக்கு வாங்கியது பீரோவில் சும்மா கிடக்கிறதே என்று எடுத்து வருவார்கள். ஒரு கிலோவுக்குக் குறையாது, பாதிப் பெட்டி அதுதான். பத்து நாளில் இரண்டு ராத்திரிக்கு வேண்டும், மீதி எட்டு நாள் காலி, மிரிஸ்ஸ என்று கடற்கரை ஊர்களில் அதைச் சுமந்து அலைய வேண்டும். கால் கிலோ விண்ட்சீட்டர், உள்ளே முழுக்கை ஒன்று, போதும். மறந்தே வந்துவிட்டால் நுவரெலியா கடைத்தெருவில் ஏற்றுமதி ஆலைகளில் மிஞ்சிய ஜாக்கெட்டுகள் குவித்து விற்பார்கள், பேரம் பேசலாம். ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்து வாங்குங்கள்.

பெரிய பெட்டிக்குள் வைப்பது

பெட்டி வேன் டிக்கியில் இருக்கும், அதன்மேல் ஏழு பெட்டி. நீங்கள் ரயிலில் இருப்பீர்கள். கண்டியிலிருந்து நானுஓயா (நுவரெலியாவுக்கு இறங்குகிற நிலையம்) போகும் இரண்டாம் வகுப்பில் ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கும், வாசலில் கால் தொங்கப்போட்டுப் படம் எடுக்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். ஹட்டன் தாண்டியதும் மூடுபனி உள்ளேயே வரும். ஜாக்கெட் கைப்பையில் இருக்கட்டும், அதுவும் கைக்குட்டைக்கு அடுத்தபடி எட்டுகிற இடத்தில்.

ரெயின்கோட் இருக்கிறதே என்பது

பிளாஸ்டிக்குக்குள் வேர்த்தே நனைவீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு இருட்டில் கிளம்பி, இடுப்பில் கட்டித் தொலைப்பது

நுவரெலியா பக்கத்தில் மலைமேல் இருக்கிற தேசியப் பூங்கா இது. அங்கே உலக முடிவு என்ற பள்ளத்தாக்கு விளிம்பைப் பார்க்க வேண்டுமானால் ஒன்பது, பத்து மணிக்குள் போக வேண்டும், அதற்கு மேல் மூடுபனி ஏறி வெள்ளைத் திரை மட்டும்தான் தெரியும். அதனால் நுவரெலியாவில் ஐந்து மணிக்கே கிளம்புவோம், நடக்க ஆரம்பிக்கும்போது விரல் விறைக்கும், திரும்பும்போது வெயில் கழுத்தைச் சுடும். அந்த இடைவெளியில்தான் ஜாக்கெட் இடுப்புக்கு வரும், புதரில் சிக்கும், பேக்கர் அருவிப் பாறையில் மறந்து விடப்படும். மடித்தால் பைக்குள் கையகலத்தில் அடங்குகிற துணியாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பூங்கா வாசலில் பையைச் சோதித்துப் பாலிதீனை எடுத்துவிடுவார்கள், முந்தைய நாள் மலைக்குக் கட்டிய கவரை அப்படியே கொண்டுபோகாதீர்கள். துணிப்பை.

பிள்ளைகளுக்கு மட்டும் எடுப்பது

முதலில் நடுங்குவது அப்பாதான்.

வெறும் கடற்கரை மட்டும் என்றால்

கொழும்பு, காலி, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று கீழேயே சுற்றிவிட்டு வருவதாக இருந்தால் ஜாக்கெட் வேண்டாம். ஏசி வேனுக்கும் சாயங்காலக் கொசுவுக்கும் ஒரு முழுக்கைச் சட்டை போதும். அந்த இடத்தில் இன்னொரு லுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.