ஊர் நடுகல்லைக் காக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்த கல். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட ஒரு வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்தும் இருக்கிறது. ஒரு நாயின் விசுவாசம் ஆயிரத்து நானூறு ஆண்டு தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது சில வரி எழுத்தால்தான். அந்த எழுத்தின் ஆழமோ ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது.

அதனால்தான் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஓர் ஊரில் திருவிழாவுக்கு முன்னால் இளைஞர்கள் காசு போட்டு நடுகல்லுக்கு எனாமல் அடித்திருந்தார்கள். உடம்புக்கு வெள்ளி நிறம், வாளுக்குச் சிவப்பு, பின்னால் மஞ்சள். ஆசையாகச் செய்த வேலைதான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் வீரனின் தலைக்கு மேல் இருந்த எழுத்துப் பள்ளங்கள் பெயிண்டில் நிரம்பி வழவழவென்று ஆகிவிட்டன. விரலால் தடவினால் ஏதோ இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை. அடித்த பெயிண்டைக் கம்பி பிரஷ்ஷாலும் ஆசிடாலும் எடுக்கப் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு. கல்லின் மேல்தோலும் சேர்ந்து போய்விடும். அதைத் தொல்லியல் துறையினரிடம் விட்டுவிடுங்கள். தூசிக்கு மெல்லிய தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும்.

பூசையை நிறுத்தச் சொல்லவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிட்டதால்தான் எத்தனையோ கற்கள் பிழைத்தன. எண்ணெயைக் கல் மேல் ஊற்றாமல் விளக்கில் ஊற்றுங்கள், மஞ்சளையும் குங்குமத்தையும் எழுத்தில்லாத இடத்தில் வையுங்கள். பூசாரியிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

அடுத்தது சிமெண்ட் மேடை. கல் சாய்கிறது என்று நிமிர்த்தி, அடியில் கான்கிரீட் போடும்போது கீழ்ப்பகுதி புதைந்துவிடும். அங்கே எழுத்தோ, வீரனின் காலடியில் மாடோ நாயோ இருந்திருக்கலாம். ஏரிக்கரையில் இருக்கும் கல்லைப் பாதுகாப்பு என்று கோயில் வளாகத்துக்குத் தூக்கி வருவதும் அப்படித்தான். மேய்ச்சல் நிலம், பழைய வழித்தடம், ஊர் எல்லை என்று கல் நின்ற இடமே ஒரு சான்று. தவிர்க்கவே முடியாமல் நகர்த்த வேண்டுமென்றால், முதலில் துறைக்குத் தெரிவித்து, நின்ற இடத்தையும் பார்த்த திசையையும் படத்தோடு குறித்து வையுங்கள்.

படம் எடுப்பதிலும் ஒரு விஷயம். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் எடுங்கள்; இல்லாவிட்டால் இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், ஒவ்வொரு கோடும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். எழுத்தை எடுப்பாக்க ஆணியால் கீறவே கூடாது.

அப்புறம் பெயர்ப்பலகை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ் பிராமி என்ற மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்ததிலிருந்து, எந்த நடுகல்லைக் கண்டாலும் ‘2000 ஆண்டு பழமை’ என்று பலகை வைக்கும் ஆசை வந்துவிட்டது. பல நடுகற்களில் எழுத்தே கிடையாது. கொண்டை, ஆயுதம், ஆடை ஆகியவற்றைப் பார்த்து ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். அதற்குள் நாமே ஒரு ராஜாவின் பெயரையோ சாதிப் பெயரையோ கிரானைட்டில் பொறித்துவிட்டால் ஊரில் சண்டைதான் மிஞ்சும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: இன்ன இடத்தில் இருந்தது, இன்ன பெயரில் கும்பிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் ஆறாதது, கல்லைப் படம் எடுத்துவிட்டுக் கதையை விட்டுவிடுவது. புலிகுத்திக்கல் என்று ஏன் பெயர், பொங்கலிடுவது எந்த வீட்டு முறை என்பதெல்லாம் இரண்டு மூன்று வயதானவர்களின் நினைவில்தான் இருக்கும். போனில் பதிவு செய்யுங்கள். வீரன் செத்தது புலியால் என்பார் ஒருவர், மாடு பிடிக்க வந்தவர்களால் என்பார் இன்னொருவர். அங்கேதான் பலர் ஒன்றை ‘சரி’ என்று வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார்கள். இரண்டையும் சொன்னவர் குரலிலேயே, தேதி போட்டு வையுங்கள். ஒரு பிரதி ஊர் நூலகத்திலும் ஒன்று பள்ளியிலும் இருக்கட்டும்.