சக் பெர்ரி வாசிக்க: முதலில் ரிதம்

மேற்கு மாம்பலத்தில் என்னிடம் கிட்டார் படிக்க வரும் பிள்ளைகள் அமெரிக்க ராக் அண்ட் ரோல் கிட்டார் கலைஞர் சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ பாட்டின் ஆரம்பத்தைத்தான் முதலில் கேட்பார்கள். 1958-ல் வந்தது, இன்றைக்கும் கை துறுதுறுக்கும். அந்த ஸ்வர வரிசையே அமெரிக்கப் பாடகர் லூயி ஜோர்டன் குழுவின் கிட்டார்காரர் கார்ல் ஹோகன் 1946-ல் வாசித்ததிலிருந்து பெர்ரி எடுத்ததுதான். அது சில வினாடியில் முடிந்துவிடும். பாட்டைத் தூக்கி நிறுத்துவது ரிதம், அதாவது பாட்டு முழுக்கப் பின்னால் ஓடும் தாள அடி, அதை முதலில் பழகுங்கள்.

ஏ (A) சுருதியில் தொடங்கலாம். ஐந்தாம் கம்பி திறந்திருக்கட்டும், நான்காம் கம்பியின் 2-ம் ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டு) ஆள்காட்டி விரல். இரண்டையும் சேர்த்து இரண்டு அடி. அப்புறம் மோதிர விரலை 4-ம் ஃபிரெட்டில் வைத்து இரண்டு அடி. எல்லாமே கீழ்நோக்கி. டி-க்கு இதையே நான்கு, மூன்றாம் கம்பிகளில். ஈ-க்கு ஆறு, ஐந்தில். ஒரு பார் என்றால் நான்கு எண்ணிக்கை. ஏ நான்கு பார், டி இரண்டு, ஏ இரண்டு, ஈ இரண்டு, ஏ இரண்டு. மொத்தம் 12.

கை பழகியதும் பி ஃபிளாட். ஒலிப்பதிவு அந்தச் சுருதியில்தான் இருக்கிறது. பெர்ரியுடன் வாசித்த ஜானி ஜான்சன் பியானோக்காரர், பியானோ வாசிப்பவர்களுக்குத் தோதான சுருதி அது. ஆறாம் கம்பியில் 6-ம் ஃபிரெட், ஐந்தாம் கம்பியில் 8, சுண்டுவிரல் 10 வரை எட்ட வேண்டும். எட்டவில்லையா? கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்கம் நன்றாகக் கீழே இறக்குங்கள். வலித்தால் அன்றைக்குப் போதும்.

அடுத்ததுதான் உயிர். அந்தப் பதிவில் டிரம்ஸ் துள்ளுகிறது, கிட்டார் நேராகப் போகிறது. ஒருவர் ‘தகிட’வில் ‘கி’யை விழுங்கிச் சொல்லட்டும், நீங்கள் அதே அடிக்குள் ‘தக’ என்று சமமாக வாசியுங்கள். மிருதங்கம் படித்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். அந்த உரசல்தான் ராக் அண்ட் ரோல்.

அவர் வாழ்க்கையையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். 14 வயதுச் சிறுமியை மாநில எல்லை தாண்டி அழைத்துவந்த வழக்கில் 1962-ல் சிறை சென்றார். அதற்கு இசை சமாதானம் ஆகாது. 1955-ல் அவருடைய ‘மேபலீன்’ பாட்டு வந்தபோது, பாட்டை எழுதாத இரண்டு பேரின் பெயரையும் ஆசிரியர்களாகச் சேர்த்தார்கள். பிற்காலத்தில் பணத்தை முன்கூட்டியே ரொக்கமாக வாங்கிக்கொண்டுதான் மேடை ஏறினார். அந்தப் பழைய அடி மறக்காததால்தான் என்று நினைக்கிறேன். கிட்டார் மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போவார், அந்தந்த ஊர்க் குழுவோடு ஒத்திகை இல்லாமலே வாசிப்பார்.

நீங்களும் அப்படிப் பழகுங்கள். கூட்டாளிகளைச் சேருங்கள். ஒருவர் பாட்டின் பெயர் சொல்லாமல், எண்ணாமல், ஏதாவது ஒரு சுருதியில் தொடங்கட்டும். இரண்டாவது பாருக்குள் மற்றவர்கள் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் நிறுத்தாதீர்கள், அடுத்த 12-ல் பிடித்துக்கொள்ளலாம்.