ஹீட்டரில் சூடு வரவில்லையா? ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

ஊட்டிக் குளிரில் கார் ஹீட்டர் சூடு தராவிட்டால், இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றொன்று ஆறிக் கிடந்தால், பெரும்பாலும் ஹீட்டர் கோர் (சுடுநீர் ஓடி, கேபினுக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது. கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீரே ஊற்றிவந்த வண்டிகளில் துரு சேர்ந்து ஓட்டத்தை மறிக்கும். உள்ளே போன நீர் அங்கேயே ஆறிவிடும். இரண்டும் சுட்டால் கோளாறு பெரும்பாலும் காற்றுத் தடுப்புக் கதவிலோ (ஹீட்டர் கோர் வழியாகக் காற்றைத் திருப்பும் மடல்) அதன் கேபிளிலோ இருக்கும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள், அடுத்து தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு). குன்னூர் இறக்கத்தில் மட்டும் சூடு குறைந்தால் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஹீட்டர் வால்வு (ஹீட்டருக்குப் போகும் நீரைத் திறந்து மூடுவது) உள்ள கார்களில் சூட்டுக் குமிழை முழுச் சூட்டில் வைக்காமல் பார்த்தால் இந்தச் சோதனை செல்லாது.