அடிக்கடி காயம்படும் ஆட்டக்காரரை சீசன் முழுக்க ஓட்டுவது எப்படி: ஃபுட்பால் மேனேஜர் வழிகாட்டி

அணியிலேயே திறமையான ஆள், ஆனால் மாதம் ஒருமுறை தொடைத்தசை பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு கால்பந்து அணியை நாமே நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் ஆடும் எல்லோருக்கும் இப்படி ஒருவர் வாய்ப்பார். பலர் வெறுத்துப்போய் ஜனவரியிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அவருடைய உடம்பை நம்மால் மாற்ற முடியாது, அவர் ஓடும் நிமிடங்களை மாற்ற முடியும். கீழே சொல்லும் எல்லாமே அந்த நிமிடங்களைப் பங்கு பிரிக்கும் வேலைதான். திரைப் பெயர்கள் 2024 பதிப்பில் உள்ளவை. மற்ற பதிப்புகளில் பொத்தான் வேறு இடத்தில் இருக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

வாங்குவதற்கு முன்

‘இஞ்சுரி ப்ரோன்னஸ்’ (காயம்படும் இயல்பு) என்ற எண் இந்த விளையாட்டுக்குள் 1 முதல் 20 வரை ஒளிந்திருக்கிறது. பாஸிங், ஃபினிஷிங் போன்றவற்றில் எண் கூடினால் நல்லது; இதில் கூடினால் கெட்டது. நேரடியாகக் கண்ணில் படாது. ஆட்டக்காரர்களை நோட்டமிட்டுச் சொல்லும் ஸ்கவுட்டின் அறிக்கையில், குறைகள் பகுதியில் ‘காயம்படும் வாய்ப்பு அதிகம்’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அதுதான் இந்த எண்.

அடுத்து, அவருடைய பழைய காயங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். எத்தனை நாள் படுத்தார் என்பதை விட எந்த இடத்தில், எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். முழங்கால் தசைநார் அறுந்து எட்டு மாதம் வெளியே இருந்தவருக்கு அது ஒரே ஒரு கெட்ட டேக்கிளில் வந்ததாக இருக்கலாம். இரண்டு சீசனில் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம், எல்லாமே தொடைத்தசை, கெண்டைக்கால் என்றால் அது துரதிர்ஷ்டம் இல்லை. பட்டியல் சின்னதாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது ஆளுக்குத்தான்.

இதோடு ‘நேச்சுரல் ஃபிட்னஸ்’ எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். இது கண்ணுக்குத் தெரியும் எண். ஒரு ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்குள் உடம்பு எவ்வளவு வேகமாகத் தேறும் என்பதைச் சொல்வது இதுதான். அடிக்கடி காயம்படுபவருக்கு நேச்சுரல் ஃபிட்னஸ் 15 இருந்தால் சமாளிக்கலாம். 8 என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் ஃபிசியோ தன் கவலையை எழுதி அனுப்புவார். அந்தக் கட்டத்தில்கூட ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியும். கண்ணை மூடிக்கொண்டு ‘உறுதி செய்’ அழுத்துவது இங்கேதான் நடக்கும் தப்பு.

சம்பளத்தை ஆட்டத்தோடு கட்டிவிடுங்கள்

அவர் வாரம் 50,000 பவுண்ட் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 26 லட்சம். அடிப்படைச் சம்பளத்தை 30,000-க்கு இறக்கி, ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 20,000 என்று ‘அப்பியரன்ஸ் ஃபீ’ கொடுங்கள். 25 ஆட்டம் ஆடினால் மொத்தம் 15.6 லட்சமும் 5 லட்சமும் சேர்த்து 20.6 லட்சம். அவர் 52 ஆட்டம் ஆடினால்தான் பழைய தொகை வரும். இப்படிப்பட்ட ஆள் ஒரு சீசனில் அத்தனை ஆட்டம் ஆடப்போவதில்லை. ‘ஸ்டார் ப்ளேயர்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ‘ரெகுலர் ஸ்டார்ட்டர்’ அல்லது அதற்குக் கீழே பேசி முடியுங்கள். இல்லையென்றால் நாம் காப்பாற்றுவதற்காக உட்கார வைக்கும்போதெல்லாம், ‘எனக்கு வாய்ப்புத் தரவில்லை’ என்று அவரே கதவைத் தட்டுவார்.

பயிற்சியில்

ஆட்டத்தில் காயம்பட்டால் கண்ணுக்குத் தெரிகிறது. பயிற்சியில் நடப்பது ஒரு மின்னஞ்சலோடு போய்விடுவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ‘ட்ரெயினிங்’ திரையில் ‘ரெஸ்ட்’ பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தீவிரத்தைத் தனியாக வைக்கலாம்: மைதான வேலையும் ஜிம்மும் இல்லை, பாதி, சாதாரணம், இரட்டிப்பு, தானியங்கி. உடல்நிலை இதயக் குறியின் ஒவ்வொரு நிலைக்கும் அணி முழுவதற்கும் பொதுவாக ஒரு தீவிரத்தையும் குறிக்கலாம்.

பொது அமைப்பை இப்படி வையுங்கள். இதயம் முழுப் பச்சையாக இருந்தால் சாதாரணம். அதற்கு ஒரு படி கீழே பாதி. அதற்கும் கீழே எதுவும் வேண்டாம். இரட்டிப்பை எந்த நிலையிலும் தொடாதீர்கள். காயம்படும் ஆளுக்கு மட்டும், இரண்டு ஆட்டம் வரும் வாரங்களில் கையால் ‘பாதி’க்கு மாற்றிவிடுங்கள். இதனால் அவருடைய திறன் வளர்ச்சி மெதுவாகும். 29 வயதுக்காரருக்கு இது பெரிய நஷ்டமில்லை. 19 வயதுப் பையனுக்கு நஷ்டம்தான், ஆனால் ஆறு வாரம் படுக்கையில் கிடப்பதை விடக் குறைவு.

கூடுதல் தனிப்பயிற்சி, புது ஆட்டப்பழக்கம் கற்பது இரண்டும் பயிற்சிச் சுமையைக் கூட்டும். சீசன் நடுவில் இரண்டையும் நீக்கிவிடுங்கள். வார அட்டவணையில் ஆட்டத்துக்கு மறுநாள் ‘ரெக்கவரி’ இருக்க வேண்டும். ‘எண்டூரன்ஸ்’, ‘ரெசிஸ்டன்ஸ்’, ‘க்விக்னஸ்’ மூன்றும் உடம்பைப் பிழிபவை. ஆட்டத்துக்கு முந்தின இரண்டு நாளில் இவை வேண்டாம். ஒவ்வொரு பயிற்சிக் கட்டத்தின் மேலும் சுட்டியை வைத்தால் களைப்பையும் காய அபாயத்தையும் அது எவ்வளவு கூட்டுகிறது என்று தெரியும்.

பயிற்சி இல்லாமல் ஆட்டக்காரர் ஒன்றுக்கும் உதவமாட்டார் என்று பயம் வந்தால் டாட்டன்ஹாம் என்ற இங்கிலாந்து அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் லெட்லி கிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். தீராத முழங்கால் கோளாறால் அவர் வாரநாட்களில் அணியோடு பெரும்பாலும் பயிற்சி செய்யவே இல்லை. ஆனாலும் 2012-இல் ஓய்வு பெறும் வரை, உடம்பு ஒத்துழைத்த ஆட்டங்களில் டாட்டன்ஹாமின் தற்காப்பு அவரைச் சுற்றித்தான் நின்றது.

சனி, புதன், ஞாயிறு

வாரத்துக்கு ஒரு ஆட்டம் என்றால் பெரிய சிக்கல் இல்லை, ஆடவிடுங்கள். ஒன்பது நாளில் மூன்று ஆட்டம் வரும்போதுதான் தலைவலி. சனிக்கிழமை தொடக்கத்திலிருந்து இறக்கி, 60-65 நிமிடத்தில் வெளியே எடுங்கள். நிமிடத்தை மட்டும் நம்பாமல் இதயத்தையும் பாருங்கள்: மஞ்சள் மங்கி ஆரஞ்சுக்குப் போகத் தொடங்கினால் 50-ஆவது நிமிடமானாலும் எடுத்துவிட வேண்டும். ஐந்து மாற்றம் அனுமதிக்கும் போட்டிகளில் ஒன்றை ஆட்டம் தொடங்கும் முன்பே இவர் பெயரில் எழுதிவையுங்கள். புதன்கிழமை அணியிலேயே சேர்க்காதீர்கள். பெஞ்சில் வைத்தால், 1-1 என்று இருக்கும்போது உள்ளே இறக்க நம் கையே நீளும். ஞாயிறு மறுபடி தொடக்கத்திலிருந்து.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ‘மெடிக்கல் சென்டர்’ போய் அபாயப் பட்டியலைப் பாருங்கள். ‘அதிகம்’ என்று மட்டும் படித்துவிட்டு மூடாமல் காரணத்தையும் படிக்க வேண்டும். ஆட்டச்சுமை என்றால் ஒரு ஆட்டம் உட்கார வையுங்கள். பயிற்சிச்சுமை என்றால் தீவிரத்தைக் குறையுங்கள், ஆட்டத்தில் இறக்கலாம். இயல்பாகவே காயம்படுபவர் என்பது மட்டும் காரணமானால் அது எப்போதும் அங்கேயே இருக்கும். அதற்காக உட்கார வைத்தால் சீசன் முழுக்க உட்கார வைக்க வேண்டியதுதான். ‘களைத்துப்போயிருக்கிறார், ஓய்வு தேவை’ என்ற பொருளில் குறி வந்தால் இரண்டு நாள் போதாது. ஒரு வாரம் முழு ஓய்வு கொடுங்கள்.

குணமாகி வந்த பிறகு

பெரும்பாலான மேனேஜர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். சிவப்புக் காயக்குறி போனதும் ஆள் தயார் என்று நினைத்து அடுத்த ஆட்டத்திலேயே 90 நிமிடம் ஓடவிடுகிறார்கள், பத்து நாளில் அதே தொடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறார். சிவப்புக்கு அடுத்து வரும் ஆரஞ்சுக் குறி, இறக்கலாம் ஆனால் முழுசாகத் தேறவில்லை என்று சொல்கிறது. அது போன பிறகும் ஆட்டக்கூர்மை, அதாவது ஆட்டம் ஆடிப் பழகிய தயார்நிலை, அடிமட்டத்தில்தான் இருக்கும்.

முதலில் ரிசர்வ் அல்லது இளையோர் அணிக்கு 45 நிமிடம் ஆட அனுப்புங்கள். அடுத்த ஆட்டத்தில் 60. பிறகு முதல் அணியில், நாம் இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசி 20 நிமிடம். அதற்கப்புறம்தான் தொடக்க ஆட்டக்காரர். ஒரு மாதத்துக்கு மேல் படுத்தவருக்கு இந்த ஏறுவரிசைக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். இடையில் அவருடைய நாட்டு அணி நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் விலகிக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை. பெரிய காயத்துக்கு நிபுணரிடம் அனுப்பும் வாய்ப்பு வந்தால் பணம் பார்க்காமல் அனுப்புங்கள். வலிக்கு ஊசி போட்டு ஆட வைப்பதை இறுதிப்போட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வியூகத்தில் அதிகம் செய்ய வேண்டியதில்லை. அவருக்கு மட்டும் ‘பிரஸ்ஸிங் (பந்து வைத்திருப்பவரை விரட்டி நெருக்குவது) குறைவாக’, ‘டேக்கிளில் நிதானம்’ என்ற தனி உத்தரவு கொடுங்கள். மேலும் கீழும் ஓடும் விங்பேக் வேலையை இவருக்குத் தராதீர்கள். அதே இடத்தில் விளையாடும் மாற்று ஆள் கட்டாயம் நன்றாகத் தேறக்கூடியவராக இருக்க வேண்டும். காயம்படும் இருவரை ஒரே இடத்துக்கு வைத்தால் நவம்பரில் இருவருமே இருக்கமாட்டார்கள்.

இவ்வளவும் செய்தும் காயம் குறையவில்லை என்றால், மெடிக்கல் சென்டரில் சீசன் தொகுப்பைத் திறந்து மற்றவர்களையும் பாருங்கள். அணி முழுக்கத் தசைக்காயம் பரவியிருந்தால் குற்றம் இந்த ஆளிடம் இல்லை. பயிற்சி அட்டவணையைத் திருத்துங்கள், விளையாட்டு அறிவியல் எண் உயர்ந்த ஒரு ஸ்போர்ட்ஸ் சயின்டிஸ்டை வேலைக்கு எடுங்கள், சீசனுக்கு முந்தைய ஆறு வாரத்தில் நட்பு ஆட்டங்களை 45 நிமிடமாகப் பிரித்து எல்லோரையும் ஓடவிட்டோமா என்று பாருங்கள். இவர் ஒருவர் மட்டுமே, அதுவும் அதே தசையில் மூன்றாவது முறையாக விழுந்தால், அடுத்த கோடையில் அவர் நலமாக இருக்கும்போது விற்றுவிடுங்கள். படுத்திருக்கும்போது யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.